போரில் ஓடிய லொறியும் ஏட்டில் ஏறாத ஆண்டுகளும்

நமது மலைநாட்டின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் கோப்பியைப் பற்றி எழுதினர். தேயிலையைப் பற்றி எழுதினர். கங்காணியைப் பற்றியும் துரையைப் பற்றியும் எழுதினர். கொழுந்து பறித்த தாய்மாரைப் பற்றியும் அண்மைக் காலத்தில் எழுதத் தலைப்பட்டுள்ளனர். ஆயின், ஸ்டோருக்கும் ரயில் ஸ்டேஷனுக்கும் இடையே மழையென்றும் பனியென்றும் பாராது வண்டி ஓட்டிய லொறிச் சாரதியைப் பற்றி எழுதினோர் மிக அரியர். மலையிலே நின்று வேலை செய்தவரல்லர் ஆதலின், அவர் தொழிலாளர் வரலாற்றிலும் சேரவில்லை. கந்தோரிலே இருந்து எழுதியவரல்லர் ஆதலின், உத்தியோகத்தர் வரலாற்றிலும் சேரவில்லை.

இக்கட்டுரை அவரது புகழைப் பாட எழுந்ததன்று. அவரது வேலைக் கணக்கைப் பற்றியது. ஒருவர் பத்து ஆண்டுகள் தோட்டத்து லொறியை ஓட்டுகிறார். யுத்தம் வருகிறது. மூன்று நான்கு ஆண்டுகள் படைக்கு வண்டி ஓட்டச் செல்கிறார். யுத்தம் முடிந்து திரும்பி வருகிறார். அந்த ஆண்டுகள் அவரது தொழில் அனுபவத்தில் கணக்கிடப்படுமா, அல்லது அவர் வேலையற்றுச் சும்மா இருந்த காலமாகக் கொள்ளப்படுமா? கேட்பதற்குச் சிறு கேள்வியாகத் தோன்றும். உலகப் பெருநாடுகள் இதற்கெனச் சட்டங்கள் இயற்றின. உச்ச நீதிமன்றங்கள் தீர்ப்புக் கூறின. நமது ஊவாவிலோ இக்கேள்வி வேலையோடு நின்றுவிடாமல், ஒருவர் இந்நாட்டுப் பிரசைதானா என்னும் கேள்வியோடு போய் முட்டிற்று. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதலில் பாதையைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். ரயில் பாதை 1893இல் ஹப்புத்தளையையும், 1894இல் பண்டாரவளையையும் அடைந்தது. பதுளைக்கு ரயில் வந்தது 1924இல்தான். இடைப்பட்ட முப்பது ஆண்டுகள் பதுளைப் பக்கத்துத் தேயிலைப் பெட்டிகள் பண்டாரவளைக்கு மாட்டு வண்டியில் ஏறிச் செல்லவேண்டியிருந்தன. மோட்டார் லொறி வந்தபின்னும் மலைப்பாதையின் குணம் மாறவில்லை. பெரகலையிலிருந்து கொஸ்லாந்தை வழியாக வெல்லவாயாவுக்கு இறங்கும் பாதையையும், எல்ல இடைவெளியில் இராவணன் அருவியை ஒட்டி வளைந்து செல்லும் பாதையையும், பசறை, லுணுகலை வழியாகப் பிபிலைக்குச் செல்லும் பாதையையும் கண்டவர்கள், அங்கே பாரம் ஏற்றிய லொறியை ஓட்டுதல் எத்தகைய வித்தை என்பதை அறிவார்கள். முதல் கியரில் ஏறி, முதல் கியரிலேயே இறங்கி, பிரேக்கை நம்பாமல் எஞ்ஜினை நம்பி ஓட்டக் கற்றவருக்குச் சமவெளிப் பாதை விளையாட்டாகவே இருக்கும். கைதேர்ந்த அத்தகைய சாரதி எவருக்கும் வேண்டியவரே. யுத்த காலத்தில் படைக்கு மிகவும் வேண்டியவர்.

இனி, தோட்டத்து ஏடுகளைப் பற்றிச் சொல்லவேண்டும். இது நமது மூத்தோர் நன்கறிந்த விடயமே. இளைஞர்கள் பலர் அறியார்.

ஆதியில் தோட்டத் தொழிலாளியின் வேலைச் சான்று 'துண்டு' எனப்பட்ட ஒரு கடதாசியே. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குச் செல்பவர் துண்டு பெற்றுச் செல்லவேண்டும். அதிலே அவர் எத்தனை ஆண்டு உழைத்தார் என்பதா எழுதப்பட்டது? இல்லை. எவ்வளவு கடன் பட்டுள்ளார் என்பதே எழுதப்பட்டது. அக்கடனைச் செலுத்துபவர் அத்தொழிலாளியைத் தம்மிடம் எடுத்துக்கொள்ளலாம். உழைப்பின் சான்றாக இருக்கவேண்டிய கடதாசி கடனின் சான்றாக இருந்த விந்தையை நம் நாட்டிலன்றி வேறெங்கும் எளிதிற் காணமுடியாது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. அதன்பின் தொழிலாளியின் சான்றாக எஞ்சியது செக்றோல் ஒன்றே.

செக்றோலின் தத்துவம் நாட்கணக்கு. காலையில் பிரட்டுக்களத்தில் நின்று, அன்றைய வேலையை முடித்தவருக்கு 'பேர்' விழும். குறைந்தவருக்கு அரைப் பேர். பேர் என்பது ஒருவருடைய நாமத்தையும் குறிக்கும், ஒரு நாள் உழைப்பையும் குறிக்கும். தோட்டத்து வழக்கிலே இவ்விரண்டும் ஒன்றாகிவிட்டமை ஆழ்ந்து நோக்கத்தக்கது. பேர் விழாத நாளில் அவர் ஏட்டைப் பொறுத்தவரை இல்லாதவரே. நோயாய்க் கிடந்தாலும், ஊருக்குப் போயிருந்தாலும், இராணுவத்துக்கு லொறி ஓட்டிக்கொண்டிருந்தாலும் ஏட்டிலே காண்பது ஒரே வெற்றிடந்தான். சாரதிக்கு ரன்னிங் சாட் உண்டு. அதிலே மைல் கணக்கும் பெற்றோல் கணக்கும் ஏறும். அது வண்டியின் வரலாறு. வண்டி விற்கப்பட்டால் அவ்வேடும் குப்பைக்குப் போகும்.

நிற்க. யுத்தம் ஊவாவுக்குப் புதிதன்று. தியத்தலாவையில் 1900ஆம் ஆண்டு போயர் யுத்தக் கைதிகளுக்காக முகாம் அமைக்கப்பட்டது. தென்னாப்பிரிக்காவிலிருந்து இலங்கைக்குக் கொணரப்பட்ட சுமார் ஐயாயிரம் பேரில் பெரும்பாலோர் அங்கேயே வைக்கப்பட்டனர். அன்று தொட்டுத் தியத்தலாவை படைகளின் ஊராகவே இருந்து வருகின்றது. இரண்டாம் உலகப் போரில் அங்கே ஜெர்மானியர் சிறை வைக்கப்பட்டனர்; கடற்படையினரின் ஓய்வு முகாமும் இருந்தது. நமது இராணுவம் 1949இல் அமைக்கப்பட்டதன் பின் அதன் பயிற்சி நிலையமும் அங்கேயே ஏற்பட்டது. ஒரு முகாம் என்றால் அரிசி வேண்டும், விறகு வேண்டும், எண்ணெய் வேண்டும்; அவற்றை ஏற்றி வர லொறியும் சாரதியும் வேண்டும்.

முதல் உலகப் போர் மூண்டபோது தோட்டத் துரைமாரின் படைப்பிரிவாகிய 'சிலோன் பிளாண்டர்ஸ் ரைபிள் கோர்' 1914 ஒக்டோபரில் 8 அதிகாரிகளையும் 221 வீரர்களையும் எகிப்துக்கு அனுப்பியது. அவர்களிற் சிலர் கலிப்பொலிப் போர்க்களத்தையும் கண்டனர். அவர்களது சேவை படைப்பிரிவின் ஏடுகளில் நாளும் மாதமுமாக எழுதப்பட்டுள்ளது. துரை போருக்குப் போனால் அது பெருமைக்குரிய சேவை. அவர் வரலாற்றில் அது ஒரு படி உயர்வு. இதைப் பொறாமையினாற் கூறவில்லை. பதிவு செய்யும் மனம் இருந்தால் பதிவு செய்ய முடிந்திருக்கும் என்பதற்காகவே கூறுகின்றோம்.

1939 செப்டெம்பரில் மூண்ட யுத்தம் முதலிரண்டு ஆண்டுகள் நமக்குத் தொலைவிலேயே நின்றது. தோட்டங்களிலே அப்போது வேறொரு போராட்டம் நடந்துகொண்டிருந்தது. பதுளைக்கு அருகே வெவெஸ்ஸ தோட்டத்தில் 1940இல் நடந்த வேலைநிறுத்தத்தை மூத்தோர் வாயிலாகக் கேட்டவர்கள் இன்றும் உண்டு. 1942இல் நிலைமை தலைகீழாயிற்று. பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. அதனோடு பர்மா அரிசியும் நின்றது. ஏப்ரில் 5ஆம் நாள் கொழும்பின் மீதும், 9ஆம் நாள் திருகோணமலையின் மீதும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அட்மிரல் லேட்டன் பிரதம தளபதியாக வந்து, சிவில் நிர்வாகத்தையும் தம் கைக்குள் கொண்டார். மலாயாவின் றப்பர் எதிரி கையிற் சிக்கியதனால் நேச நாடுகளுக்கு இலங்கையின் றப்பரே பெருந்துணையாயிற்று. 1944 ஏப்ரிலில் மவுண்ட்பேட்டன் தமது தென்கிழக்காசியத் தலைமையகத்தைத் தில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றினார். விமானத் தளங்கள், துறைமுக வேலைகள், களஞ்சியங்கள், முகாம்கள் என்று எங்கும் பாரம் ஏற்றும் வேலையே.

இந்நாட்டவர்க்குக் கட்டாயப் படைச் சேவை விதிக்கப்படவில்லை. ஆயினும் ஒரு சாரதி யுத்தத்துக்குள் இழுக்கப்படுவதற்கு மூன்று வழிகள் இருந்தன. விரும்பிப் படையிற் சேர்ந்து சீருடை அணிந்து வண்டி ஓட்டுதல் ஒன்று. படையினரிடம் சிவில் ஊழியராகக் கூலிக்கு ஓட்டுதல் மற்றொன்று. போர்க்காலப் பாதுகாப்பு விதிகளின்படி வாகனங்களைப் பொறுப்பேற்கும் அதிகாரம் அரசுக்கு இருந்ததாகையால், வண்டி போக அதனோடு சாரதியும் போதல் மூன்றாவது.

வேலை ஒன்றே, பாதை ஒன்றே, சில வேளை வண்டியும் ஒன்றே. ஆயின் பதிவோ மூவகை. சீருடை அணிந்தவருக்குச் சேவைப் புத்தகம் உண்டு. சேர்ந்த நாள், விலகிய நாள், தொழில், நடத்தை ஆகியவை அதில் எழுதப்படும். விலகும்போது விடுவிப்புப் பத்திரமும் கிடைக்கும். சிவில் ஊழியருக்கு, மேலதிகாரி நல்லவராயிருந்தால் ஒரு கடிதம். அவ்வதிகாரி பர்மாவுக்கோ சீமைக்கோ மாற்றப்பட்டுப் போய்விட்டால் அதுவும் இல்லை. வண்டியோடு போனவருக்குச் சொந்தத் தோட்டத்தின் கிளாக்கர் ஐயா எழுதிவைத்ததே கணக்கு. அவர் ஒரு வரியில் 'வெளியே போயுள்ளார்' என்று குறித்துவிட்டால் நான்கு ஆண்டு உழைப்பும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிப்போகும்.

பெயரிலும் தொல்லை உண்டு. செக்றோலில் முத்துச்சாமி; படைப் புத்தகத்தில் தந்தையின் பெயர் முன்னே நிற்கும்; பிறப்புப் பதிவு இருந்தால் அதிலே வேறோர் எழுத்து. மூன்று கடதாசிகளையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும் அதிகாரிக்கு மூன்று மனிதர்கள் தோன்றுவார்கள். மலைநாட்டில் விண்ணப்பம் எழுதிக்கொடுத்துப் பழகிய எவரும் இதை அறிவர்.

அக்கரையில் நடந்ததைச் சிறிது நோக்குவோம். போரின் முடிவில் இந்தியப் படையில் இருபத்தைந்து இலட்சம் பேர் வரை இருந்தனர். படைக்கு ஆள் தந்த மாகாணங்களிற் பஞ்சாபுக்கு அடுத்தபடியாகச் சென்னை மாகாணம் நின்றது. போர்க்குலம் அல்லாதவர் என்று அதுவரை ஒதுக்கப்பட்டிருந்த தமிழர், இயந்திரங்களும் வாகனங்களும் பெருகிய இப்போரிலே தொழில்நுட்பப் பிரிவுகளுக்குத் தேவைப்பட்டனர். அவற்றுள் ஒன்று உணவும் தளவாடமும் ஏற்றிச் செல்லும் 'ரோயல் இந்தியன் ஆமி சேர்விஸ் கோர்'. திமாப்பூரிலிருந்து கொஹிமா வழியாக இம்பாலுக்குச் செல்லும் மலைப்பாதையை நினைத்துப் பாருங்கள். நம் ஊவாப் பாதைகளின் தமையன் என்று சொல்லத்தக்கது. 1944 மார்ச் இறுதியில் ஜப்பானியர் அதை வெட்டினர். ஜூன் 22ஆம் நாள்தான் அது மீண்டும் திறந்தது. அப்பாதை வழியே வண்டி ஓட்டியவருக்கு அதைவிடச் சிறந்த சாரதித் தேர்வு வேறென்ன வேண்டும்?

படையிற் கார் என்றால் என்ன என்றே அறியாமற் சேர்ந்த கிராமத்து இளைஞர் எத்தனையோ பேர் சாரதிகளாக வெளிவந்தனர். அதே காலத்தில் ஊரிலே பெற்றோல் இன்றி, கரிவாயுவில் பஸ்கள் இருமிக்கொண்டு ஓடின. விடுவிக்கப்பட்ட வீரர்களை மீண்டும் தொழிலில் அமர்த்துவதற்காகவே 1945இல் இந்திய அரசு வேலைவாய்ப்பு நிலையங்களை ஏற்படுத்தியது. இன்று வேலை தேடும் எவரும் பதிவு செய்துகொள்ளும் அந்நிலையங்களின் பிறப்பு இதுவே. 1947இல் பிரிவினை அகதிகளுக்கும், 1948இல் எல்லோருக்கும் அவை திறந்துவிடப்பட்டன. சென்னை மாகாணத்தில் முன்னாள் படைவீரர்கள் மோட்டார் போக்குவரத்துக் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்துப் பஸ்ஸும் லொறியும் ஓட்டினர். உரிமப் பத்திரத்துக்கும் பின்னர் ஒரு வழி காணப்பட்டது. மத்திய அரசின் வாகனங்களை ஓட்டுவதற்கெனத் தனி உரிமம் வழங்க 1988ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 18ஆம் பிரிவு உள்ளது. அவ்வுரிமம் வைத்திருந்தவர் பொது உரிமம் கேட்கும்போது, அதே வகை வண்டிக்கு மீண்டும் ஓட்டிக் காட்டவேண்டியதில்லை என்றும் அச்சட்டம் வகை செய்தது. படையில் ஓட்டியதும் ஓட்டியதே என்று அரசே ஒப்புக்கொண்ட ஏற்பாடு இது. மிகச் சிறிய விதி. ஆயினும் அதன் பின்னால் நிற்கும் நியாயம் பெரிது.

பிரித்தானியர் தம் நாட்டில் 1944இல் ஒரு சட்டம் இயற்றினர். படைக்குச் சென்றவரை முன்னைய முதலாளி திரும்ப எடுத்துக்கொள்ளவேண்டும். முன்பு அங்கே உழைத்த காலத்துக்கேற்ப அரை ஆண்டுக்கோ ஓராண்டுக்கோ வேலையில் வைத்திருக்கவும் வேண்டும் என்பது அதன் சாரம். வேலை திரும்பக் கிடைக்கும். ஆனால் அது குறித்த காலத்துக்கு மட்டும்.

அமெரிக்கர் இன்னும் ஒரு படி ஏறினர். 1940ஆம் ஆண்டின் படைச்சேவைச் சட்டம் திரும்பி வருவோரின் வேலையை மட்டுமன்றி வேலைமூப்பையும் காத்தது. இதன் பொருள் யாது என்பது 1946இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. நீதிபதிகள் ஓர் உவமையைக் கையாண்டனர். வேலைமூப்பு என்பது தானே மேலேறும் நகரும் படிக்கட்டுப் போன்றது. போருக்குச் சென்றவர் தாம் இறங்கிய படியில் மீண்டும் கால் வைப்பதில்லை. அவர் இறங்காமலே நின்றிருந்தால் எந்தப் படியில் இருந்திருப்பாரோ அந்தப் படியிலேயே ஏற்றப்படுவார். ஆனால் அதற்கு மேலான படியைக் கேட்க அவருக்கு உரிமையில்லை. வழக்குத் தொடுத்த வெல்டிங் தொழிலாளி இந்த இரண்டாவது பகுதியினாலே தோற்றார் என்பது வேடிக்கை. அவர் தோற்ற வழக்கு பின்வந்தோர் அனைவரையும் காத்தது. 1994இல் இயற்றப்பட்ட இப்போதைய சட்டமும் அக்கோட்பாட்டின் மீதே நிற்கின்றது.

அன்றியும், அமெரிக்கப் படையை விட்டு விலகியவர்களுக்குத் தொழில் தகுதிப் பத்திரம் ஒன்று தனியே கொடுக்கப்பட்டது. இவர் எந்த வேலையைப் படையிற் செய்தார், எத்தனை மாதம் செய்தார், எவ்வகை வண்டி ஓட்டினார், சிவில் வாழ்க்கையில் இது எத்தொழிலுக்கு ஒப்பாகும் என்று முதலாளிக்கு விளங்கும் மொழியில் எழுதிய பத்திரம் அது. எழுதத் தெரிந்த ஒரு கிளாக்கரும் ஒரு தாளும் இருந்தால் முடியும் காரியம். இக்கட்டுரைக்காக நாம் எடுத்துக்கொண்ட உதாரணங்கள் யாவற்றிலும் எளிமையானதும் பயனுள்ளதும் இதுவே என்பது எமது துணிபு.

ஆயினும் கடதாசி இருந்தால் மட்டும் போதுமா? பிரான்ஸில் 1944 ஓகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை 'ரெட் போல் எக்ஸ்பிரஸ்' என்ற லொறிச் சேவை முன்னணிப் படைகளுக்கு நாலு இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட பொருள்களைக் கொண்டு சேர்த்தது. அதன் சாரதிகளில் நான்கில் மூன்று பங்கினர் கறுப்பினத்தவர். உறக்கமின்றி இரவெல்லாம் நெடுந்தூரம் ஓட்டியவர்கள். அவர்களுடைய நாட்டிலோ நெடுந்தூர லொறி வேலை கறுப்பருக்கு எட்டாக் கனியாகவே நீடித்தது. 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், ஒரு பெரிய லொறிக் கம்பெனியின் 1971ஆம் ஆண்டுக் கணக்கு வெளிவந்தது. நெடுந்தூரச் சாரதிகள் 1,828 பேர். அவர்களிற் கறுப்பர் 8 பேர். அந்த எண்மரும் வழக்குத் தொடுத்த பின்னரே சேர்க்கப்பட்டவர்கள். நகருக்குள் ஓட்டுவோருக்கு ஒரு மூப்பு வரிசை, நெடுந்தூரம் ஓட்டுவோருக்கு வேறொரு மூப்பு வரிசை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறினால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். 1964ஆம் ஆண்டுச் சமவுரிமைச் சட்டத்துக்கு முன் அநியாயமாக இழந்த ஆண்டுகளை மூப்பில் சேர்க்க வழியில்லை என்றும் அத்தீர்ப்புக் கூறிற்று. நகரும் படிக்கட்டு ஒரு சாராருக்கு ஓடிக்கொண்டிருக்க, மற்றொரு சாராருக்கு அது வாயிலிலேயே அடைக்கப்பட்டிருந்தது.

நம்மவர் கதைக்கு வருமுன் மலாயாவைப் பற்றி ஒரு சொல். ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட்டபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் ஆயிரமாயிரமாகக் கொண்டு செல்லப்பட்டனர். அதே பாதையில் வேலை செய்த வெள்ளைக்காரக் கைதிகளில் இறந்த சுமார் 12,000 பேருக்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள் உள்ளன; அவர்களுடைய அதிகாரிகள் ஒளித்து மறைத்தேனும் பெயர்ப் பட்டியல் வைத்திருந்தனர். தோட்டத் தமிழருக்குப் பட்டியலும் இல்லை, கல்லும் இல்லை. இருந்திருந்தால் அவர்களுடைய பெண்டு பிள்ளைகள் எதையாவது கேட்டுப் பெற்றிருக்கக்கூடும்.

யுத்தம் முடிந்து இலங்கை சுதந்திரம் பெறும் தறுவாயில், 1947இல் நடந்த பொதுத் தேர்தலில் பதுளைத் தொகுதியிலிருந்து எஸ். எம். சுப்பையா அவர்கள் பாராளுமன்றம் சென்றார். மலைநாடெங்குமாக இலங்கை இந்தியக் காங்கிரஸைச் சேர்ந்த எழுவர் அவ்வாறு சென்றனர். அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. அதன் பின் 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. பின்னையதன் விதிகளை எமது மூத்தோர் பலர் மனப்பாடமாகச் சொல்லுவர். ஆயினும் அதிலுள்ள ஒரு கணக்கை எவரும் இக்கோணத்தில் வைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை, ஆதலின் விரித்துரைப்போம்.

பிரசாவுரிமை கேட்பவர் 1946ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் நாளுக்கு முன்னே தொடர்ச்சியாக இந்நாட்டில் வதிந்திருக்கவேண்டும். விவாகமானவராயின் 7 ஆண்டுகள். விவாகமாகாதவராயின் 10 ஆண்டுகள். ஏழாண்டைப் பின்னோக்கி எண்ணுங்கள். 1939 ஜனவரி முதலாம் நாளில் வந்து நிற்போம். 1939 தொடங்கி 1945 முடிய உள்ள அந்த ஏழாண்டில், யுத்தம் நடந்தது ஆறாண்டு! சட்டம் 'நீர் இந்நாட்டில் நிலையாக வாழ்ந்தீரா?' என்று கேட்டதன் உண்மைப் பொருள், 'யுத்த காலத்தில் நீர் எங்கே இருந்தீர்?' என்பதே. உலகத்திலே எவரும் தம் இடத்தில் நிலைத்திருக்க முடியாத ஆறு ஆண்டுகளை எடுத்து, அவற்றையே நிலைத்த வாழ்வின் அளவுகோலாக வைத்தனர். வேண்டுமென்றே அவ்வாறு செய்தனர் என்று நாம் குற்றஞ்சாட்டவில்லை. கணக்கு அவ்வாறு விழுந்தது.

ஒரு தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேற்படாமல் வெளியே சென்று வந்ததைச் சட்டம் பொறுத்தது. அதற்கு மேற்பட்டால் தொடர்ச்சி அறும். 1942இல் குண்டு விழுந்த அச்சத்தில் அக்கரைக்கு ஓடியவர்களை எண்ணிப் பாருங்கள். கப்பலும் ரயிலும் ஒழுங்கற்றுப் போன காலத்தில் ஓராண்டுக்குள் திரும்புவது எல்லோருக்கும் கைகூடியதா? மனைவி மக்களின் வதிவும் ஆராயப்பட்டது. குடும்பத்தைப் பத்திரமாக ஊருக்கு அனுப்பிவிட்டுத் தாம் மட்டும் இங்கே நின்று வண்டி ஓட்டியவரின் பொறுப்புணர்ச்சியே அவருக்கு எதிரான சாட்சியாகக்கூடும்.

நிலையாக ஒரே லயத்தில் வாழ்ந்து, ஒரே செக்றோலில் பேர் விழுந்து வந்தவருக்குத் தோட்டத்து ஏடு சான்றாக நின்றது. சாரதிக்கோ அவரது தொழிலே எதிரி. மலைத் தொழிலாளியைப் போலன்றி அவர் ஊர்விட்டு ஊர் செல்பவர். இரண்டாண்டு தோட்டம், ஓராண்டு பஸ் கம்பெனி, மூன்றாண்டு திருகோணமலையில் இராணுவ வேலை என்று அவரது வாழ்க்கை துண்டு துண்டாக இருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனிச் சான்று கொண்டுவரும் சுமை விண்ணப்பதாரர் தலையிலேயே இருந்தது. படை கலைக்கப்பட்டுவிட்டது; முகாம் மூடப்பட்டுவிட்டது; அதிகாரி சீமைக்குப் போய்விட்டார்; தோட்டத்து ஏட்டிலோ வெற்றிடம். அவர் இந்நாட்டை விட்டு ஒரு நாளேனும் அகலாதவராயிருக்கலாம். ஆனால் இங்கேயே இருந்தார் என்பதை எதைக் காட்டி நிறுவுவது?

யுத்தத்திலே நாட்டைக் காக்கும் வேலையிற் பங்கு கொண்டமையால் அந்நாட்டின் பிரசை என்று நிறுவுவது கடினமாகும் நிலை! சரித்திரத்திலே இதைவிடக் கசப்பான முரண் சிலவே உண்டு.

1951 ஓகஸ்ட் 5ஆம் நாளுடன் விண்ணப்ப காலம் முடிந்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்காக விண்ணப்பங்கள் போடப்பட்டிருந்தன. பல்லாண்டு விசாரணைக்குப் பின் ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே. ஏற்கப்படாத ஒவ்வொரு விண்ணப்பத்துக்குள்ளும் எங்கோ ஒரு வெற்றிடம் இருந்தது. மாதமொன்று காணாமற் போயிருக்கலாம், எழுத்தொன்று மாறியிருக்கலாம், சாட்சி சொல்ல வேண்டியவர் இறந்திருக்கலாம். தகரப் பெட்டியின் அடியிலே பழைய படைப் பத்திரம், தோட்டத்துப் பற்றுச்சீட்டு, சாரதி உரிமம் ஆகியவற்றைப் பாட்டன் காலத்திலிருந்து வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவற்றைக் கறையான் தின்ன விடாமல் மன்றத்து இளைஞர்கள் பிரதி எடுத்து வைப்பார்களானால், அது இம்மலரில் நாம் எழுதும் பத்துக் கட்டுரைகளுக்கு ஈடாகும்.

பின் நடந்தவை அனைவரும் அறிந்தவையே. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமா சாஸ்திரி உடன்படிக்கை கைச்சாத்தானது. ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மக்களை இரு நாடுகளும் எண்ணிப் பிரித்தன. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வதென்று விட்டு, 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டனர். சாரதித் தொழில் தெரிந்தவர்கள் அக்கரை சென்றபோது, அங்கேயும் முதற் கேள்வி 'அனுபவச் சான்று எங்கே?' என்பதாகவே இருந்திருக்கும். மலையில் ஓட்டிய கைக்குச் சாட்சி கை மட்டுந்தானே.

இறுதியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் தொடக்கம் இந்நாட்டில் நிரந்தரமாக வதிந்து வரும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் அது பிரசாவுரிமை அளித்தது. செக்றோல் கேட்கவில்லை; 1939இல் எங்கே இருந்தீர் என்று கேட்கவில்லை; யுத்த காலத்தைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. யுத்தத்தின் நடுவே முப்பது வயதினராய் லொறி ஓட்டியவர் எவரேனும் அச்சட்டம் வந்த நாளில் உயிரோடிருந்தால், அவருக்கு வயது தொண்ணூறு.